சுடுகாட்டுப் பூவை வீட்டில் வைக்கலாமா? நம்ம தொட்டிச் செடிகள் வந்த வழி

இந்த எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். போன வருஷம் மட்டும் நான் மூணு ரோஜாச் செடிகளைச் சாகடிச்சிருக்கேன்.

சென்னையில மூணாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. மதியம் 2 மணிக்கு மேல சுவரும் சேர்ந்து சுடும். காலையில 8 மணிக்குக் கிளம்பினா ராத்திரிதான் வீடு. ஒவ்வொரு தடவையும் நர்சரியில் ஒரே கேள்விதான் கேட்பேன்: "ஈஸியா வளர்ற பூச்செடி எது?" ஒவ்வொரு தடவையும் ரோஜாவைத்தான் கையில் கொடுத்தாங்க. "தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்." நானும் ஊத்தினேன். மூணும் போச்சு.

மூணாவது ரோஜா போனதும் தொட்டியை அப்படியே மூலையில் தள்ளிட்டேன். மழைக்காலம் முடிஞ்சு பார்த்தா, அந்த மண்ணில் தானாகவே ஒரு செடி நிக்குது. அஞ்சு இதழ், ரோஸ் நிறம், நடுவில் அடர்த்தியா ஒரு பொட்டு. நித்தியகல்யாணி. மேல் வீட்டுத் தொட்டியிலிருந்து விதை விழுந்திருக்கணும். நான் நடவும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணி விடவும் இல்லை. அது பாட்டுக்குப் பூத்துட்டு இருந்துச்சு.

பொங்கலுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஆச்சி வந்தாங்க. பால்கனிக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்தாங்க.

"ஏட்டி, சுடுகாட்டுப் பூவைப் போயி வீட்டுக்குள்ள வச்சிருக்கியே! பிடுங்கிப் போடு."

ஆச்சிக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு கடைசியில் சொல்றேன். ஆனா அந்தப் பதிலைத் தேடிப் போனதில்தான் இந்த எபிசோடே பிறந்துச்சு. ஒரு செடி 'ஈஸி'ன்னு சொல்றோமே, அது எதனால ஈஸி? அந்தக் குணம் அதுக்கு எங்கிருந்து வந்துச்சு?

எனக்குக் கிடைச்ச பதில் ரொம்ப எளிமையானது. செடியோட சொந்த ஊர் தெரிஞ்சா, அதை எப்படி வளர்க்கணும்ங்கிறதுல பாதி தெரிஞ்ச மாதிரி. நமக்குச் சுலபமா இருக்கிற ஒவ்வொரு செடியும் எங்கேயோ ஒரு கஷ்டமான நிலத்தில் வாழப் பழகியிருக்கு. நாம அனுபவிக்கிறது அந்தப் பழக்கத்தோட பலனை.

முதல்ல ரோஜா விஷயத்தை முடிச்சிடுவோம். இன்னைக்கு நர்சரியில் நீளத் தண்டில் ஒத்தைப் பெரிய பூவோட நிக்கிற ரோஜாக்களில் பெரும்பாலானவை 'ஹைப்ரிட் டீ' வகை. அந்த வகையின் முதல் ரோஜாவாகப் பொதுவா சொல்லப்படுவது 'லா பிரான்ஸ்'. 1867-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் கியோ என்ற நர்சரிக்காரர் உருவாக்கியது. சீனாவிலிருந்து போன, திரும்பத் திரும்பப் பூக்கும் ரோஜாக்களையும் ஐரோப்பிய ரோஜாக்களையும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வந்த பரம்பரை அது. அழகுக்காகவும் அளவுக்காகவும் தேர்ந்தெடுத்த செடி. உரம், கவாத்து, பூச்சி பார்க்க ஒரு ஆள், இதெல்லாம் அதுக்குத் தேவை. பகல் முழுக்க வீட்டில் இல்லாத என்னை நம்பி வந்தது அந்த ரோஜாவோட துரதிர்ஷ்டம்.

கப்பலில் தப்பியவை

இப்போ ஒரு கப்பலைக் கற்பனை பண்ணுங்க. 18-ஆம் நூற்றாண்டு. தென்னமெரிக்காவிலிருந்தோ இந்தியப் பெருங்கடல் தீவிலிருந்தோ ஒரு செடியை ஐரோப்பாவுக்குக் கொண்டு போகணும். பயணம் மாதக்கணக்கில் நீளும். மேல்தளத்தில் வைத்தால் உப்புத் தண்ணீர் தெறிக்கும். கீழே வைத்தால் வெளிச்சம் இல்லை. நல்ல தண்ணீர் மனிதர்களுக்கே அளந்துதான். எலி வேற. ஏற்றிய செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப் போயின.

இந்த நிலைமையை மாற்றியவர் நதானியேல் வார்டு என்ற லண்டன் டாக்டர். 1829-ல் மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து, யாரும் தண்ணீர் விடாமலேயே வாழ்வதைக் கவனித்தார். உள்ளே ஆவியாகும் ஈரம் அங்கேயே திரும்பச் சொட்டுகிறது. அதே முறையில் கண்ணாடிப் பெட்டிகள் செய்து 1833-ல் சிட்னிக்குச் செடிகள் அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. பிறகு சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் தேயிலைச் செடிகள் வந்ததும் இந்தப் பெட்டிகளில்தான். இன்னைக்கு டெஸ்க் மேல வைக்கிற டெரேரியம் இருக்கே, அதோட தாத்தா இந்தப் பெட்டி.

ஆனா நம்ம கதைக்கு முக்கியமானவை இந்தப் பெட்டி வருவதற்கு முன்னாடியே ஊர் விட்டு ஊர் வந்த செடிகள். விதையாகவோ குச்சியாகவோ அந்தப் பயணத்தைத் தாங்கியவை. அப்படி வந்ததுக்கு உங்க பால்கனியில் வாரம் ரெண்டு நாள் தண்ணி மறந்து போறதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

காகிதப்பூவும் ஆண் வேஷம் போட்ட பெண்ணும்

நெடுஞ்சாலை நடுவில், யாரும் கவனிக்காத காம்பவுண்டு சுவர் மேல், கொளுத்துற மே மாதத்தில் பளீர்னு நிக்கிறது காகிதப்பூ. போகன்வில்லா. அதோட தாய்நிலம் பிரேசிலும் சுற்றியுள்ள தென்னமெரிக்கப் பகுதிகளும்.

1766-ல் லூயி அந்துவான் த போகன்வில் என்ற பிரெஞ்சுத் தளபதி உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அந்தப் பயணத்தின் இரண்டாவது கப்பலில் தாவரவியலாளராகப் போனவர் பிலிபேர் கொமர்சான். அவருக்கு உதவியாளராக 'ழான் பாரே' என்ற இளைஞர். செடிகளை அழுத்திப் பாடம் பண்ணும் மரப்பலகைகளையும் சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதும் இறங்குவதும் அவர் வேலை. கொமர்சானுக்குக் காலில் ஆறாத புண். அதனால் கடினமான நடை முழுவதும் பாரே தலையில்தான்.

அந்த இளைஞர் உண்மையில் ழான் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் ஏறக்கூடாது என்பது சட்டம். ஆண் வேஷத்தில் ஏறியிருந்தார். போகன்வில் எழுதிய பயணக் குறிப்பின்படி, 1768-ல் தாஹிதித் தீவில் உண்மை வெளிவந்தது.

அதற்கு முன்பே, 1767-ல் கப்பல் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது சேகரித்த செடிகளில் ஒன்றுதான் இந்தக் காகிதப்பூ. கொமர்சானின் கால் இருந்த நிலையில், அதைப் பறித்தது பாரேயின் கையாகத்தான் இருக்கும் என்று சில வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். பெயர் மட்டும் தளபதிக்குப் போனது.

கொமர்சான் 1773-ல் மொரீஷியஸில் இறந்துபோனார். பாரே சில வருடங்கள் கழித்து பிரான்ஸ் திரும்பினார். உலகைச் சுற்றிவந்ததாக நமக்குத் தெரிந்த முதல் பெண் அவர். 1785-ல் கடற்படை அமைச்சகம் அவருக்கு வருடம் 200 லிவர் ஓய்வூதியம் கொடுத்தது. அவர் பெயரில் ஒரு செடி வரணும்னா 2012 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 'சொலானம் பாரேட்டியே'. நம்ம கத்தரி, தக்காளி இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடி.

இப்போ இதைத் தொட்டிக்குக் கொண்டு வருவோம். நாம பூன்னு நினைக்கிற அந்தக் கலர் காகிதம் உண்மையில் நிறம் மாறிய இலை. உள்ளே வெள்ளையாகக் குழாய் மாதிரி சின்னதா நிக்கிறதுதான் பூ. வறண்ட பருவம் வந்தால் பூக்கிறது அதோட பழக்கம். அதனால தினமும் தண்ணி ஊத்தினா, "சரி, இன்னும் மழைக்காலம்தான் போல"ன்னு இலையாத் தள்ளிட்டே இருக்கும். மண் காயட்டும், இலை லேசாத் துவளட்டும், அப்புறம் தண்ணி விடுங்க. குறைந்தது அஞ்சாறு மணி நேர வெயில். தொட்டி கொஞ்சம் இறுக்கமா இருந்தாலும் கவலை இல்லை. ஒரு சுற்று பூத்து முடிஞ்சதும் கவாத்து பண்ணினா, புதுக் கிளையில் அடுத்த சுற்று வரும்.

பத்து மணிக்கு ஆபீஸ் வரும் பூ

அடுத்தது டேபிள் ரோஸ். ஊர்ப் பக்கம் பத்துமணிப்பூன்னு சொல்வாங்க. வெயில் ஏறினா விரியும், சாயங்காலத்துக்குள் சுருங்கிடும். பேருல ரோஸ் இருந்தாலும் ரோஜாவுக்கும் இதுக்கும் உறவே கிடையாது. நம்ம பருப்புக்கீரையோட சொந்தக்காரன்.

இதன் ஊர் அர்ஜென்டினா, உருகுவே, பிரேசில். ஜான் கில்லீஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அர்ஜென்டினாவின் மென்டோசா பகுதியில் இதைப் பார்த்தார். 1829-ல் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் இதை உலகத்துக்கு அறிமுகப்படுத்தி எழுதினார். மென்டோசா ஆண்டிஸ் மலையின் மழைமறைவுப் பகுதி. மழை அபூர்வம், மண் மணல். அங்கே வாழ்கிற செடி இலையையே தண்ணீர்த் தொட்டியாக்கிக் கொண்டது. ஒரு இலையை நசுக்கிப் பாருங்க, தெரியும்.

வளர்ப்பும் அவ்வளவுதான். விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் சொருகினா போதும். தொட்டிக்கு அடியில் தண்ணி வடிய ஓட்டை கட்டாயம். இது செத்துப் போச்சுன்னா முக்கால்வாசி நேரம் காரணம் அன்புதான். அதாவது அதிகத் தண்ணி.

ரொம்ப ஈஸியா இருந்தா என்ன ஆகும்?

இதுவரைக்கும் கேட்டா, கஷ்டம் தாங்குற செடி எல்லாமே நல்லதுன்னு தோணும். இங்கேதான் கதையில் ஒரு முள் இருக்கு.

உண்ணிச்செடி தெரியும்தானே? லண்டானா. ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு நிறம் மாறுற குட்டிப் பூக்கள். இதுவும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கிளம்பினது. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே ஒன்றோடொன்று கலந்து பல நிறங்களில் பெருகியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. வேலியாக வைத்தார்கள். பூச்சி தாக்காது, ஆடு மாடு தின்னாது, வெட்டினா இன்னும் அடர்த்தியாத் தழைக்கும். ஒரு தோட்டக்காரர் இதைவிட வேற என்ன கேட்பார்?

தின்னாததுக்குக் காரணம், அதன் இலையில் கால்நடைகளின் கல்லீரலைப் பாதிக்கும் நஞ்சு இருக்கு. பழத்தை மட்டும் பறவைகள் தின்று விதையைக் காட்டுக்குக் கொண்டு போயின. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேலான பரப்பில் இன்று உண்ணிச்செடி பரவியிருக்கிறது. அதுக்கு அடியில் புல் வளராது. புல் இல்லைன்னா மானுக்குத் தீனி இல்லை. முதுமலைப் பக்கம் பஸ்ஸில் போனா, ஜன்னலுக்கு வெளியே ரெண்டு பக்கமும் பூத்துக் குலுங்குறது பெரும்பாலும் இதுதான். பார்க்க அழகா இருக்கும்.

நீலகிரியின் கூடலூர் பகுதியில் பழங்குடிக் கலைஞர்கள் இந்தச் செடியின் தண்டை வெட்டி, வளைத்து, நிஜ அளவில் யானைகள் செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. தோட்டத்தை விட்டு ஓடிப்போன செடி, 200 வருஷம் கழிச்சு யானை உருவத்தில் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போயிருக்கு. காட்டில் மிச்சம் இருப்பதை இன்னும் வேரோடு பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னைக்கும் நர்சரிகளில் இதோட குட்டை ரகம் கிடைக்குது. சிட்டி நடுவில் ஒரு தொட்டியில்தானேன்னு தோணலாம். ஆனா பறவைக்குச் சிட்டி எல்லை கிடையாது. காட்டை ஒட்டின ஊர்ல வீடு இருந்தா, தயவுசெஞ்சு வேண்டாம்.

அப்போ, நம்ம ஊர்ச் செடி? இட்லிப்பூவைச் சொல்லலாம். சின்ன வயசுல அந்தச் சிவப்புப் பூவை ஒவ்வொண்ணாப் பிடுங்கி, அடியில இருக்கிற துளித் தேனை உறிஞ்சாதவங்க குறைவு. அதுதான் சங்க இலக்கியத்தின் வெட்சி என்று சொல்கிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் வெட்சியும் ஒன்று. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் சொந்த ஊர். ஆனா சொந்த ஊர்க்காரன்னு அலட்சியமா இருந்துடாதீங்க. லேசான புளிப்புத்தன்மை உள்ள செம்மண் அதுக்குப் பிடிக்கும். உப்புப் படியுற போர் தண்ணியை மட்டும் ஊத்திட்டே இருந்தா, நரம்பு பச்சையாவும் இலை மஞ்சளாவும் மாறும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாம போறதுதான் காரணம். மழைத் தண்ணி, தொழு உரம், நல்ல வெயில் இருந்தா வருஷக்கணக்கில் நிற்கும்.

மறுபடி அந்தத் தொட்டி

இப்போ ஆச்சிகிட்ட வருவோம்.

நித்தியகல்யாணிக்குச் சுடுகாட்டு மல்லின்னு ஒரு பேரு உண்டு. ஆச்சி சொன்னதில் தப்பில்லை. சுடுகாட்டில் யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க, உரம் போட மாட்டாங்க. அங்கேயும் வருஷம் முழுக்கப் பூக்கிற செடி இது. அதன் தாய்நிலம் மடகாஸ்கர் தீவு. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், அப்படியே வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. மணல், காய்ச்சல், உப்புக் காற்று எல்லாம் தாங்கும். இலையில் நிறைய கசப்பு ரசாயனம் இருப்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. ஈஸியா வளர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கசப்பில்தான் விஷயமே இருக்கு. 1952-ல் ஜமைக்காவிலிருந்து 25 நித்தியகல்யாணி இலைகள் கனடாவுக்குத் தபாலில் போயின. அங்கே சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயமாகக் குடிப்பார்கள். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்தன. வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? நோபிளும் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958-ல் அறிவித்தார்கள். அதே சமயம் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் இதே செடியில் தேடிக்கொண்டிருந்தது. அங்கே கிடைத்த வின்கிறிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நம்ம தென் மாவட்டங்களிலும் மானாவாரிப் பயிராக இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள்.

(ஒரு நிமிஷம். இதைக் கேட்டுட்டு யாரும் இலையைப் பறிச்சுக் கஷாயம் போட்டுடாதீங்க. வெள்ளையணுவைக் குறைக்கிற அதே பொருள்தான் விஷமும்.)

என் அத்தை மகனுக்கு ஆறு வயசில் ரத்தப் புற்றுநோய். அப்போ வாரா வாரம் அவன் நரம்பில் ஏறின மருந்துகளில் ஒன்னு வின்கிறிஸ்டின். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்திருந்தது ஆச்சிதான். மருந்து பேரு அவங்க வாயில நுழையாது, "அந்த வாராந்திர ஊசி"ன்னுதான் சொல்வாங்க. இன்னைக்கு அவன் காலேஜ் மூணாவது வருஷம்.

"ஆச்சி, அந்த வாராந்திர ஊசி இந்தப் பூவிலிருந்து வந்ததுதான்"னு சொன்னேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாங்க, "இது எந்த ஊருச் செடின்னு சொன்ன?"

"மடகாஸ்கர். ஆப்பிரிக்காப் பக்கம் ஒரு தீவு."

"அந்த ஊருப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி கெடைக்குமா?"

வரலாறு படிச்ச எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்லை. உலக சுகாதார அமைப்பு சொல்ற கணக்கு இது: பணக்கார நாடுகளில் புற்றுநோய் வர்ற குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் கீழ். ஒரு நாட்டின் செடியிலிருந்து கிடைக்கும் லாபத்தில் அந்த நாட்டுக்கும் பங்கு வேண்டும் என்று சொல்லும் உயிரியல் பன்முகத்தன்மை உடன்படிக்கையே 1992-ல்தான் வந்தது. மருந்து வந்து கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சு.

இதையெல்லாம் ஆச்சிகிட்ட என்னால முடிஞ்ச மாதிரி சொன்னேன். "எல்லாருக்கும் கெடைக்காது ஆச்சி"ன்னு முடிச்சேன்.

மறுநாள் காலையில் பார்த்தா, பால்கனியில் குனிஞ்சு அந்தச் செடியில் காஞ்ச இலையைக் கிள்ளிட்டு இருந்தாங்க. "சாமி படத்துப் பக்கம் கொண்டு வராத. இங்கேயே இருக்கட்டும். தண்ணியை ரொம்ப ஊத்தித் தொலைச்சிராத."

அடுத்த தடவை நர்சரிக்குப் போனா, "ஈஸியா வளருமா?"ன்னு கேட்கிறதை விட மூணு கேள்வி கேளுங்க. இதோட சொந்த ஊர் எது? அங்கே எவ்வளவு வெயில், எவ்வளவு மழை? இதோட விதையைப் பறவை தூக்கிட்டுப் போகுமா? நர்சரியில் பதில் கிடைக்கலைன்னா, போன்ல ரெண்டு நிமிஷம் தேடினா போதும்.

உங்க வீட்டுத் தொட்டியில் என்ன செடி இருக்கு, அது எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சு எனக்கு எழுதுங்க. உங்க ஆச்சியோ அம்மாச்சியோ அதுக்கு என்ன பேரு சொல்றாங்கன்னும் மறக்காம சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.